ஆங்கிலத்துக்குள் இருக்கும் இலத்தீன்: பகுபதமாகப் பிரித்துப் படிப்போம்

ப்ரிஸ்க்ரைப் என்றால் மருத்துவர் மருந்து எழுதித் தருவது. ப்ரொஸ்க்ரைப் என்றால் ஒன்றைத் தடைசெய்வது. நடுவில் ஓர் உயிரெழுத்துதான் மாறுகிறது, பொருளோ நேர் எதிராகிவிடுகிறது. இரண்டையும் பட்டியலில் வைத்து உருப்போட்டவர்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் எது எதுவென்று தடுமாறும். பிரித்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் வருவதில்லை.

'ஸ்க்ரைப்' இரண்டுக்கும் பொது. இலத்தீனில் 'எழுது' என்று பொருள். 'ப்ரி' என்றால் முன்கூட்டி. 'ப்ரொ' என்றால் முன்னால், பலர் அறிய. கி.மு. 82-இல் ரோமில் அதிகாரத்தைக் கைப்பற்றிய சுல்லா, தன் எதிரிகளின் பெயர்களை எழுதிப் பொது இடத்தில் வைத்தார். பட்டியலில் பெயர் வந்தவரைக் கொன்றவருக்குத் தண்டனை கிடையாது. கொல்லப்பட்டவரின் சொத்து பறிமுதல். ப்ரொஸ்க்ரிப்ஷன் என்பது அந்தப் பட்டியல். தடை என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபின் இரண்டு சொற்களும் ஒருபோதும் இடம் மாறாது.

ஆங்கிலம் படிக்கும் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலும் அதை நாம் பயன்படுத்துவதில்லை. பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருக்கிறோம். 'வந்தனன்' என்பதை வா + த் + த் + அன் + அன் என்று பிரித்து, 'வா' என்பது 'வ' எனக் குறுகியதும் 'த்' என்பது 'ந்' ஆனதும் விகாரம் என்று எழுதினோம். இலத்தீனிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களைத் திறக்கவும் இதே சாவி போதும். முன்னொட்டு, பகுதி, விகுதி ஆகிய மூன்றையும் எல்லாப் பாடநூல்களும் சொல்லிவிடுகின்றன. சந்தியையும் விகாரத்தையும்தான் விட்டுவிடுகின்றன. படிப்பவர்கள் சறுக்கும் இடமும் அதுவே.

சந்தியை முதலில் பார்ப்போம். மரம் + கள் என்பது மரங்கள் ஆகிறது. வரும் எழுத்துக்கு ஏற்ப நிற்கும் எழுத்து தன்னை மாற்றிக்கொள்கிறது. இலத்தீனில் 'ஒன்றுசேர', 'முழுமையாக' என்று பொருள்படும் முன்னொட்டும் அப்படித்தான். கனெக்டில் 'கன்', கம்போஸில் 'கம்', கலெக்டில் 'கல்', கரெக்டில் 'கர்' என்று நிற்பது எல்லாம் ஒன்றே. 'நோக்கி' என்று பொருள்படும் 'அட்' என்பது அட்மிட்டில் அப்படியே இருக்கும். அக்செப்ட், அஃபெக்ட், அலோகேட், அப்ளை ஆகியவற்றில் அடுத்த மெய்யோடு ஒன்றிவிடும். ஒன்றியபின் அந்த மெய் இரட்டிக்கிறது.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஆளைத் தடுக்கிவிடும் இரட்டை எழுத்துகளில் பெரும்பகுதிக்கு விடை இங்கே இருக்கிறது. அக்காமடேட் என்பதில் 'அட்' ஒன்று, 'கன்' ஒன்று, பிறகு 'அளவு' என்ற பொருளுள்ள 'மோட்'. ஆக இரண்டு 'சி', இரண்டு 'எம்'. ரெக்கமண்ட் என்பதில் 'ரி'க்குப் பிறகு 'கமண்ட்' வருகிறது. எனவே ஒரே 'சி', இரண்டு 'எம்'. இரண்டு 'சி' போட்டு எழுதுவது மிகப் பரவலான பிழை. டிஸப்பாயின்ட் என்பது 'டிஸ்' + அப்பாயின்ட், ஒரே 'எஸ்'. டிஸ்ஸாட்டிஸ்ஃபைடு என்பதில் 'டிஸ்' என்பதையடுத்து 'எஸ்' எழுத்தில் தொடங்கும் சொல் வருவதால் இரண்டு 'எஸ்'. எழுதும்போது சந்தேகம் வந்தால் எழுத்துகளை எண்ண வேண்டாம். பிரித்து எழுதிப் பாருங்கள், எண்ணிக்கை தானாக வரும்.

அடுத்தது விகாரம். இதைத் தெரிந்துகொண்டால் சொந்தமே இல்லாதவை போலத் தோன்றும் சொற்கள் ஒரே வீட்டுக்குள் வந்து சேரும். இலத்தீன் வேரின் முதல் அசையில் குறில் 'அ' இருந்தால், முன்னொட்டு ஏறியவுடன் அது நலிகிறது. பின்னால் இரண்டு மெய் வந்தால் 'எ' ஆகும், ஒரு மெய் வந்தால் 'இ' ஆகும். 'செய்' என்ற பொருளுள்ள ஃபகெரே என்ற வினையிலிருந்து ஃபேக்ட், ஃபேக்டரி. முன்னொட்டு ஏறினால் இன்ஃபெக்ட், டிஃபெக்ட், பெர்ஃபெக்ட். ஒரு மெய் மட்டும் வந்தால் எஃபிஷியன்ட், டெஃபிஷியன்ட், சஃபிஷியன்ட். 'எடு' என்ற கபெரேயிலிருந்து கேப்ச்சர். பிறகு அக்செப்ட், இன்டர்செப்ட். பிறகு பார்ட்டிசிபேட், அதாவது பங்கை எடுத்துக்கொள்வது. 'நண்பன்' என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து அமிக்கபிள் வந்தது. எதிர்மறை முன்னொட்டு ஏறியபோது 'அ' நலிந்து இனிமிக்கல் ஆனது. நண்பனல்லாதவன் என்ற அதே சொல் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து எனிமி ஆகிவிட்டது.

பயன்பாட்டிலும் இந்த விகாரம் கைகொடுக்கும். ஆண்டைக் குறிக்கும் சொல்லில் ஆன்யுவல் என்பது 'அ'வோடு இருக்கிறது, பெரெனியல் என்பதில் 'எ' ஆகிவிட்டது. பையெனியல் என்பது இலத்தீனிலேயே கூடியது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று பொருள். பைஆன்யுவல் ஆங்கிலத்தில் பிற்பாடு ஒட்டப்பட்டது, அதனால்தான் விகாரம் இல்லை. அதற்கு ஆண்டுக்கு இருமுறை என்று பொருள். அறிக்கை எழுதுபவர்கள் இதை மாற்றிப் போட்டால் கணக்கே நான்கு மடங்கு பிசகும்.

அஃபெக்ட், எஃபெக்ட் குழப்பமும் இந்த வீட்டுக்குள்ளேயே தீரும். 'அட்' + செய்: ஒன்றின்மேல் போய்ச் செயல்படுவது, ஆகவே 'பாதி' என்ற வினை. 'எக்ஸ்' + செய்: செய்து வெளியே வந்தது, ஆகவே 'விளைவு' என்ற பெயர். எஃபெக்ட் வினையாகவும் வரும். எஃபெக்ட் எ சேஞ்ச் என்றால் மாற்றத்தை நடத்திக்காட்டுவது. அஃபெக்ட் எ சேஞ்ச் என்று எழுதினால் நடக்கிற மாற்றத்தின்மீது பாதிப்பை உண்டாக்குவது என்று ஆகிவிடும்.

'இன்' என்ற முன்னொட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரே உருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒன்று 'இல்லை', மற்றது 'உள்ளே'. சந்தியும் இரண்டுக்கும் ஒன்றுதான். இல்லீகல் எதிர்மறை, இல்லுமினேட் எதிர்மறை அல்ல. இர்ரெகுலர் எதிர்மறை, இர்ரிகேட் என்பதோ நிலத்துக்குள் நீர் விடுவது. பிரித்தறிய ஒரு வழி: ஒட்டியிருப்பது பெயரடையா வினையா என்று பாருங்கள். பெயரடையோடு வந்தால் பெரும்பாலும் 'இல்லை'. வினையோடு வந்தால் பெரும்பாலும் 'உள்ளே'. இன்ஃப்ளேமபிள் என்பது இன்ஃப்ளேம் என்ற வினையிலிருந்து வருகிறது, எனவே எளிதில் தீப்பற்றும் என்று பொருள். தீப்பற்றாது என்று தவறாகப் படித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், எச்சரிக்கைப் பலகைகளில் முன்னொட்டை நீக்கி ஃப்ளேமபிள் என்றே எழுதும் வழக்கம் வந்தது. இன்ஹாபிட்டபிள் என்பதும் அப்படியே, அதற்குக் குடியிருக்கத் தகுந்த என்று பொருள். தகாத இடத்துக்கு அன்இன்ஹாபிட்டபிள் என்று எழுத வேண்டும். இன்வால்யுவபிளில் 'இல்லை' இருக்கிறது, ஆனால் இல்லாதது மதிப்பு அல்ல, மதிப்பிடும் வாய்ப்பு. விலைமதிப்பற்ற என்று தமிழிலும் நாம் அப்படித்தானே சொல்கிறோம்.

இனி விகுதி. ஒரே வேரிலிருந்து இரண்டு மூன்று பெயரடைகள் பிறந்திருந்தால், விகுதியைப் பார்த்து யார் செய்கிறார், யாருக்குச் செய்யப்படுகிறது என்று பிரிக்கலாம். '-அபிள்', '-இபிள்' என்று முடிந்தால் தமிழில் 'தக்க', 'உரிய'. '-ஃபுல்', '-உலஸ்', '-உவஸ்' என்று முடிந்தால் 'கிற'. ரெஸ்பெக்டபிள் என்பவர் மதிக்கத்தக்கவர், ரெஸ்பெக்ட்ஃபுல் என்பவர் மதிக்கிறவர். கன்டெம்ப்டிபிள் என்பது இகழத்தக்கது, கன்டெம்ப்ச்சுவஸ் என்பவர் இகழ்கிறவர். க்ரெடிபிள் என்பது நம்பத்தகுந்தது, க்ரெடுலஸ் என்பவர் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர். இன்க்ரெடிபிள் கதையாக இருக்கலாம், இன்க்ரெடுலஸ் கேட்பவர் மட்டுமே. இன்க்ரெடுலஸ் ஸ்டோரி என்று எழுதினால் கதை உட்கார்ந்து சந்தேகப்படுகிறது என்று ஆகும். க்ரெடிட்டபிள் என்பது இந்த வரிசையில் உட்காராத பிள்ளை. அதற்குப் பாராட்டத்தக்க என்று பொருள். நம்பிக்கையோடு நேரடித் தொடர்பு இன்று இல்லை.

ரெஸ்பெக்ட் வீட்டில் ரெஸ்பெக்டிவ்லி என்று இன்னொருவர் இருக்கிறார். அவருக்கும் மரியாதைக்கும் சம்பந்தமில்லை. நம் அணியிலக்கணத்தில் நிரல்நிறை என்று சொல்வதுதான் அது: முதலில் அடுக்கிய பெயர்களோடு பின்னால் அடுக்கிய பொருள்களை அதே வரிசையில் பொருத்திக்கொள்வது. 'முறையே' என்று தமிழில் எழுதும் இடத்தில் மட்டும் அதைப் போடுங்கள். கடிதத்தின் முடிவில் பணிவைக் காட்ட அதை எழுதினால் 'இப்படிக்கு, முறையே' என்று ஆகும்.

சென்சிபிள், சென்சிடிவ் இரண்டும் இந்த விகுதி விதிக்கு அடங்கா. சென்சிபிள் என்றால் விவரமான, நிதானமான. சென்சிடிவ் என்றால் எளிதில் உணர்கிற, எளிதில் பாதிக்கப்படுகிற. விதி பத்தில் எட்டு இடத்தில் உதவினால் போதும் என்று எடுத்துக்கொண்டு, மீதி இரண்டைத் தனியாகக் குறித்துவைப்பதே நடைமுறை.

வினையிலிருந்து பெயராக்கும்போது ஒரு பகுதிக்கு ஒரே வாய்ப்பாடுதான். பெர்மிட் பெர்மிஷன் ஆனால் ஓமிட் ஓமிஷன், டிரான்ஸ்மிட் டிரான்ஸ்மிஷன். ரிசீவ் ரிசெப்ஷன் ஆனால் டிசீவ் டிசெப்ஷன், பெர்சீவ் பெர்செப்ஷன். கன்ஸ்யூம் கன்சம்ப்ஷன், எனவே அஸ்யூம் அசம்ப்ஷன். ஒன்றைச் சரியாகப் பிடித்தால் குடும்பமே கையில். இரண்டு பெயர்கள் கிளைத்திருக்கும் வினைகளில்தான் நின்று பார்க்க வேண்டும். அட்மிட்டிலிருந்து அட்மிஷன், அட்மிட்டன்ஸ் இரண்டும் உண்டு. சேரும் உரிமை, அதற்கான கட்டணம், குற்றத்தை ஒப்புக்கொள்ளல் எல்லாம் அட்மிஷன். உடம்பு வாசலைத் தாண்டி உள்ளே நுழைவது மட்டும் அட்மிட்டன்ஸ். அதனால்தான் கதவுப் பலகையில் 'நோ அட்மிட்டன்ஸ்'. டிட்யூஸ், டிடக்ட் என்ற இரண்டு வினைகளுக்கோ டிடக்ஷன் என்ற ஒரே பெயர்தான். ஒன்று அறிவால் ஊகித்து எடுப்பது, மற்றது தொகையிலிருந்து கழிப்பது. பெயராக வரும்போது சூழலைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள முடியும்.

'சீட்' என்ற ஒலியில் முடியும் வினைகளைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இங்கே தவறுகிறார்கள். இவற்றின் வேர் 'செல்', 'விட்டுக்கொடு' என்ற பொருளுள்ள கேடெரே. ப்ரொசீட், எக்சீட், சக்சீட் ஆகிய மூன்றுக்கு மட்டும் இரண்டு 'ஈ' சேர்ந்து வரும். ப்ரிசீட், கன்சீட், இன்டர்சீட் போன்ற மற்றவற்றில் 'ஈ'களுக்கு நடுவே 'டி' நிற்கும். ப்ரொசீட்டில் இரண்டு 'ஈ' இருந்தாலும் ப்ரொசீஜரில் ஒன்றுதான். இந்த ஒன்று பலரை ஏமாற்றுகிறது. சூப்பர்சீட் மட்டும் இந்தக் குடும்பமே இல்லை. அது 'உட்கார்' என்ற பொருளுள்ள செடேரேயிலிருந்து வந்தது. அதனால் 'சி' வராது, 'எஸ்' வரும். புதிய ஆணை பழைய ஆணையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டால் எழுத்தும் பொருளும் ஒன்றாக நினைவில் நிற்கும். செஷன், பிரசிடென்ட், ரெசிடென்ஸ், செடிமென்ட் எல்லாம் இந்த உட்காரும் வீட்டார். நீரின் அடியில் போய் உட்காரும் வண்டல்தான் செடிமென்ட்.

'தாங்கு', 'கொண்டுசெல்' என்ற ஃபெர்ரே வீட்டில் வேறொரு சிக்கல். ரெஃபர், ப்ரிஃபர், கன்ஃபர் ஆகியவற்றின் இறந்தகால வடிவில் 'ஆர்' இரட்டிக்கும். ஆஃபர், டிஃபர், சஃபர் ஆகியவற்றில் இரட்டிக்காது. அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிப்பு, முதல் அசையில் விழுந்தால் இல்லை. ரெஃபரன்ஸ் என்று பெயராக்கும்போது அழுத்தம் முன்னால் நகர்ந்துவிடுவதால் அங்கும் ஒரே 'ஆர்'. இன்ஃபர் என்பதும் இந்த வீடு. பேசுகிறவர் சொல்லாமல் உள்ளே மடித்துவைப்பது இம்ப்ளை. கேட்கிறவர் அதிலிருந்து பொருளை எடுத்துக்கொள்வது இன்ஃபர். 'மடி' என்பதுதான் இம்ப்ளையின் வேர்ப்பொருள். ஃபெர்ரே என்ற வினையின் இன்னொரு வடிவம் 'லாட்' என்று வரும். எனவே டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் பிறப்பால் ஒரே வினை.

தமிழ்ப் பழக்கம் நம்மைத் தவறாக இழுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அவரைவிட மூத்தவர்' என்று நாம் சொல்வதால், சீனியர் தான் ஹிம் என்று எழுதிவிடுகிறோம். சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஆகியவை இலத்தீனிலேயே ஒப்பீட்டு வடிவங்கள். ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'டு' என்ற சிறுசொல்லே வரும், 'விட' என்ற பொருளுள்ள 'தான்' வராது. ப்ரிஃபரபிளுக்கும் அதே கதை. ஒப்பீடு உள்ளேயே இருப்பதால் மோர் சுப்பீரியர் என்பதும் கூடாது.

மற்ற வினைகளில், பின்னால் வரும் சிறுசொல்லை முன்னொட்டே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். 'கன்' இருந்தால் வித்: கம்ப்ளை வித், கோஇன்சைட் வித். 'அட்' இருந்தால் டு: அட்ஹியர் டு, அடாப்ட் டு, அட்ரிப்யூட் டு. 'எக்ஸ்', 'ஆப்' இருந்தால் ஃப்ரம்: எக்ஸ்க்ளூட் ஃப்ரம், ஆப்ஸ்டெய்ன் ஃப்ரம். விலகுபவற்றில் முக்கியமானவை மூன்று. கன்சிஸ்ட்டுக்கு ஆஃப் வரும். அவெர்ஸ் என்பதில் 'விலகி' இருந்தும் டு வரும். டிஸ்கஸ் என்பதற்கு எதுவுமே வராது. 'அதைப் பற்றிப் பேசினோம்' என்று நினைத்தால் அபௌட் வந்து ஒட்டிக்கொள்ளும். 'அதை விவாதித்தோம்' என்று இரண்டாம் வேற்றுமையில் நினைத்தால் ஒட்டாது.

ஒரே இலத்தீன் சொல் ஆங்கிலத்துக்கு இருமுறை வந்திருப்பதும் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து வந்தவை ஃப்ரெயில், ஷூர், ராயல். அறிஞர்கள் இலத்தீன் நூல்களிலிருந்து நேராக எடுத்தவை ஃப்ரஜைல், செக்யூர், ரீகல். வடசொற்களை நாம் தற்பவம், தற்சமம் என்று பிரிக்கிறோமே, அதே பிரிவு. உடம்பு மெலிந்த முதியவர் ஃப்ரெயில். கண்ணாடிப் பாத்திரம் ஃப்ரஜைல்.

ஒலிக்காத எழுத்துகளையும் சொந்தக்காரச் சொல்லை வைத்தே பிடிக்கலாம். 'கடன்' என்ற பொருளுள்ள டெட் என்பதில் ஊமையாக நிற்கும் 'பி' டெபிட்டில் பேசுகிறது. டவுட்டில் ஊமை, டூபியஸில் பேச்சு. கண்டெம் கண்டெம்னேஷனிலும், மஸில் மஸ்குலரிலும், சைன் சிக்னேச்சரிலும் வாயைத் திறக்கின்றன. டெட், டவுட் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலில் அந்த எழுத்தே கிடையாது. இலத்தீன் மூலத்தைக் காட்டவேண்டும் என்று கற்றவர்கள் பிற்பாடு நுழைத்தார்கள். டெஃபினிட்டில் 'ஏ' வராது என்பதற்கு உள்ளே இருக்கும் ஃபைனைட் சாட்சி. கன்சென்ஸஸில் இருப்பது சென்ஸ். ஆகவே நடுவிலும் 'எஸ்'தான்.

வேர் திசையைத்தான் காட்டும், இன்றைய பொருளை அகராதிதான் சொல்லும். மேனுஃபாக்சர் என்றால் வேரில் கையால் செய்வது, இன்று இயந்திரம் செய்கிறது. எக்ரீஜியஸ் என்றால் மந்தையிலிருந்து தனித்து நிற்பது. முன்பு சிறந்தது என்ற பொருளில் வந்தது, இன்று படுமோசமானது என்ற பொருளில் மட்டுமே வருகிறது. யாரையாவது பாராட்ட அதை எழுதிவிடாதீர்கள். இதற்கு மாறாக, கேண்டிட் என்பதில் வேர் அழகாக உதவுகிறது. 'வெண்மை' என்பது மூலப்பொருள். ரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த மேலாடை உடுத்தி வந்ததால் கேண்டிடேட் ஆனார்கள். வெள்ளை மனத்தோடு பேசுவது கேண்டிட். நம் வழக்கும் அதே வழியில் போயிருப்பதைப் பார்க்கும்போது ஒரு மகிழ்ச்சி.

போலி உறவினர்களிடமும் கவனம் தேவை. மிட்டிகேட்டில் இருக்கும் 'மிட்' அனுப்புவது அல்ல. 'மென்மையான' என்ற வேறொரு சொல். கேபிடலில் இருப்பது 'தலை', கேப்ச்சரில் இருப்பது 'எடு'. ஹோமிசைடின் 'ஹோமோ' இலத்தீன் மனிதன், ஹோமோஜீனியஸின் 'ஹோமோ' கிரேக்க 'ஒரே'. ஊகம் சரியா என்று அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பில் ஒருமுறை பார்த்துவிடுவது அரை நிமிட வேலை.

குறிப்பேட்டை இப்படி அமையுங்கள். ஒரு வேருக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. மேலே வேரும் அதன் எல்லா விகார வடிவங்களும். கீழே ஐந்து பத்திகள்: சொல், பிரிப்பு, வேர்ப்பொருள், இன்றைய பொருள், பின்வரும் சிறுசொல். அதன் அடியில் நீங்களே எழுதிய ஒரு வாக்கியம். வேர்ப்பொருளையும் இன்றைய பொருளையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். மேலே சொன்ன எக்ரீஜியஸ் வகைப் பிழை அங்கிருந்துதான் வரும். தொடங்க 12 வேர்கள் போதும்: எடு, செய், அனுப்பு, வை, நடத்து, எழுது, பார், திருப்பு, செல், பின்தொடர், பிடி, தாங்கு. வாரம் ஒரு வேர், அதில் எட்டுப் பத்துச் சொற்கள். ஒரே வேரில் நாற்பது சொற்களை அள்ளினால் முன்னொட்டுகள் ஒன்றோடொன்று கலந்து எதுவும் நிற்காது.

பழகியபின் முன்பின் பார்க்காத சொல்லில் சோதித்துப் பாருங்கள். சர்கம்ஸ்பெக்ட்: 'சர்கம்' சுற்றி, 'ஸ்பெக்ட்' பார், சுற்றும் முற்றும் பார்த்து நடக்கிற, அதாவது முன்யோசனையுள்ள. அடுத்து இரட்டையர் இருவர்: பெர்ஸ்பிகேஷியஸ், பெர்ஸ்பிக்யுவஸ். இங்கே 'ஸ்பெக்' விகாரப்பட்டு 'ஸ்பிக்' ஆகியிருக்கிறது. 'பெர்' என்றால் ஊடாக. '-ஏஷியஸ்' என்பது அந்தச் செயலில் தேர்ந்த ஆளைக் காட்டும் விகுதி. ஊடுருவிப் பார்க்கிறவர், கூர்மதியாளர். மற்றது ஊடாகப் பார்க்க முடிகிற பொருள். தெளிந்த நீர்போல அடிவரை தெரியும் எழுத்து. முதல் சொல் வாசகருக்கு, இரண்டாவது சொல் அவர் படிக்கும் உரைநடைக்கு.